மீசையும் மஞ்சள் பையும்

செப்டம்பர் 7, சனி

மகன் குமரேசனுக்கு அலுவலகத்தில் சும்மா கொடுத்த டைரி இது. எட்டு மாதம் காலியாகவே கிடந்திருக்கிறது. மீதியை நான் நிரப்பிக்கொள்கிறேன். தொலைந்து யார் கையிலாவது கிடைத்தால் தெரிந்துகொள்வதற்காக: பெயர் ஆவுடையப்பன், ஊர் திருநெல்வேலி. அரசுப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். தற்சமயம் அமெரிக்காவில், டெக்சாஸில், மகன் வீட்டில் ஆறு மாத விருந்தாளி. மனைவி உலகம்மாளும் உடன் வந்திருக்கிறாள். என்னைத் தனியாக விட்டால் நான் கெட்டுப்போவேன் என்பது அவள் கட்சி.

இன்று மருமகள் சிந்துஜா காய்கறிக் கடைக்குக் கூட்டிப்போனாள். பில் போடுகிற பெண் என் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானிஷில் பொழிய ஆரம்பித்துவிட்டாள். நான் "நோ, நோ" என்றேன். அதையும் ஸ்பானிஷ் என்று எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாகப் பேசினாள். சிந்துஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மாமா, உங்க மீசையப் பாத்துட்டு மெக்சிகோக்காரருன்னு நெனச்சுட்டாங்க" என்றாள். இந்த மீசைக்குப் பயந்து தூத்துக்குடி லைனில் எத்தனையோ பேர் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்திருக்கிறார்கள். அதை இன்னொரு நாட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள் அந்தப் பெண்.

உலகம்மாளுக்கு வேறு கவலை. இங்கே கடையில் விற்கிற பூ பிளாஸ்டிக் தாளுக்குள் விறைத்துக் கிடக்கிறது. மோந்து பார்த்தால் ஃபிரிட்ஜ் வாடை. "இத சாமிக்குப் போட்டா சாமிக்குச் சளி புடிச்சிரும்" என்கிறாள்.

விடியற்காலையில் நடக்கப் போனேன். திரும்பி வந்தபோது பையில் செம்பருத்தி இருந்தது. எங்கிருந்து என்று உலகம்மாள் கேட்கவில்லை. சாமியும் கேட்கவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

வாசல் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கார் ஒன்று வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிய அம்மாள், வேலி கூட வெட்டுவீர்களா என்று கேட்டாள். வாரத்தில் எந்த நாள் வர முடியும் என்றும் கேட்டாள். நான் இந்த வீட்டுக்காரரின் அப்பா என்று சொன்னேன். "ஓ, அருமை" என்றாள். அப்புறமும் வியாழக்கிழமை வசதிப்படுமா என்றாள்.

பக்கத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எழுந்து வந்து கை கொடுத்தார். அன்செல்மோ என்று பெயர். என் உயரம், என் நிறம், என் மீசை. தொப்பி கூட என்னுடையது மாதிரியே இருந்தது. கண்ணாடி முன்னால் நிற்கிறேனோ என்று ஒரு விநாடி சந்தேகமாகிவிட்டது. இவர்தான் நிஜ மெக்சிகோக்காரர் போலிருக்கிறது என்று எண்ணி, எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டேன். அவருடைய தாத்தாவே டெக்சாஸில்தான் பிறந்தாராம். இவர் மெக்சிகோவுக்குப் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் பல் கட்ட. இதே ஊரில் ஆயுசு முழுக்கத் தபால்காரராக இருந்திருக்கிறார்.

அவர் என்னை "ஆவு" என்று கூப்பிடுகிறார். முழுப் பெயரும் வாயில் நுழையவில்லை. பேசுவது எல்லாம் இங்கிலீஷில்தான். இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன், எனக்கு அதுதான் கை வரும்.

அவர் மகன் எஃப்ரயின் பல் டாக்டர். நல்ல பையன், ஆனால் கொஞ்சம் அலட்டல் பேர்வழி. குப்பைத் தொட்டியைத் தெருவில் தள்ளி வைக்க வருவதற்குக் கூட இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை. யாருக்குக் காட்டுவதற்கு இந்தப் பகட்டு என்று தெரியவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

உலகம்மாள் முறுக்கு சுட்டாள். தீப்புகை மணி மூன்று முறை அலறியது. அன்செல்மோ வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் தங்கை மகன் கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பை எங்களிடம் ஒரு கட்டே இருக்கிறது. "சுப முகூர்த்தம், நல்வரவு" என்று பெரிய எழுத்தில் அச்சடித்தது. அதில் ஒன்றில் முறுக்கைப் போட்டுக் கொடுத்தேன். பையைத் தர வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் முறுக்கைக் கடித்துவிட்டு, என் மகனுக்கு வேலை கொடுக்கிறீர்கள் என்றார். பல் டாக்டர் என்பதால் சொன்னது. கொஞ்ச நேரம் கழித்து அதையே இன்னொரு முறை சொன்னார். சொன்னதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. வயசு.

இரவுச் சாப்பாட்டில் சிந்துஜா, "அவங்ககூட ரொம்பப் பழகாதீங்க மாமா. நல்லவங்கதான், இருந்தாலும் அவங்கெல்லாம் ஒரு மாதிரிங்க" என்றாள். எந்த மாதிரி என்று கேட்டேன். பொதுவாகச் சொன்னேன் என்றாள். நானும் மேலே கேட்கவில்லை. எனக்கும் அப்படி ஒரு எண்ணம் இருக்கத்தான் செய்தது. எங்கிருந்து வந்தது என்றுதான் தெரியவில்லை, நான் வாழ்க்கையில் பார்த்த முதல் மெக்சிகோ வம்சம் அன்செல்மோதான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நல்ல பூ. இரண்டு நிறம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

இந்தத் தெருக்காரர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நாய் காணோம், சோபா விற்பனைக்கு, யாரோ பட்டாசு வெடிக்கிறார்கள், இப்படி. சிந்துஜா அதை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொண்டுதான் சாப்பிடுவாள். இன்று சத்தமாக வாசித்தாள்.

"எச்சரிக்கை. வயதான ஹிஸ்பானிக் ஆண். பெரிய மீசை, தொப்பி. விடியற்காலையில் வீடுகளை நோட்டம் விடுகிறான். என் செடிகளைச் சேதப்படுத்தியிருக்கிறான். கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள்." போட்டது மூன்று வீடு தள்ளி இருக்கும் பெவர்லி அம்மாள். அவள் வீட்டுச் செம்பருத்தி வேலி நடைபாதை மேலேயே சாய்ந்து கிடக்கும். ஸ்பானிஷ் வம்சத்துக்காரர்களை இங்கே ஹிஸ்பானிக் என்பார்களாம்.

கூடவே அவள் கதவுக் கேமரா பிடித்த படம். இருட்டும் வெளிச்சமும் கலந்த நேரம். முகம் தெளிவில்லை. மீசையும் தொப்பியும் தெரிகின்றன. கையில் ஒரு பை.

கீழே ஊரே கூடிக் கருத்து எழுதியிருந்தது. பையில் இருப்பது ஏதோ கடத்தல் கும்பலின் அடையாளம் என்று ஒருவன் எழுதியிருக்கிறான். அந்த வளைவு எழுத்துகளை டிவியில் பார்த்திருப்பதாக இன்னொருவன் சாட்சி சொல்கிறான். என் தங்கை மகன் கல்யாணப் பை. பெண் வீட்டுக்காரர்கள் ஊத்துமலையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள்.

உலகம்மாள் படத்தை ஒரு தரம் பார்த்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ரசத்தைக் கலக்கி ஊற்றினாள்.

செப்டம்பர் 18, புதன்

முழங்காலில் வலி. நடக்கப் போகவில்லை.

எங்கள் ஊரில் பூ சுவரைத் தாண்டித் தலை நீட்டினால் அது தெருவுக்குப் பொது. விடிகாலையில் ஓய்வு பெற்ற தாசில்தார் கூடத் துறட்டி வைத்துப் பறிப்பார். வீட்டுக்காரர் பார்த்தால், "மேல ஒண்ணு இருக்கு பாருங்க" என்று கை காட்டுவார். இதில் சேதம் எங்கே வந்தது, நோட்டம் எங்கே வந்தது. செம்பருத்தி சாயங்காலமானால் தானே சுருண்டு விழுகிற பூ.

அதைவிடக் கோபம், ஹிஸ்பானிக் என்றதுதான். அறுபத்தேழு வயதில் என்னைக் கேட்காமல் நாட்டை மாற்றிவிட்டார்கள். திருடன் என்று சொல்லட்டும், திருநெல்வேலித் திருடன் என்று சொல்லலாமே.

செப்டம்பர் 20, வெள்ளி

அன்செல்மோ வீட்டு வாசலில் போலீஸ் கார் நின்றது. கை ஓங்கவில்லை, கத்தவில்லை, குனிந்து மரியாதையாகத்தான் பேசினார்கள். ஜன்னல் திரையை விலக்கி நானும் உலகம்மாளும் பார்த்தோம். எஃப்ரயின் ஆஸ்பத்திரியிலிருந்து பாதியில் ஓடி வந்திருந்தான். வீட்டுக்குள் போனவன் மஞ்சள் பையோடு வெளியே வந்தான். அதைப் போலீஸ்காரர் போனில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அன்செல்மோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பையை எடுத்துக்கொள்ளாமலே, இனிமேல் கவனமாக இருக்கச் சொல்லிவிட்டுப் போலீஸ்காரர்கள் போய்விட்டார்கள்.

சாயங்காலம் குமரேசன் என்னை மாடிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். "அப்பா, அது நீங்கதானே?" என்றான்.

"எதுல?"

"சும்மா நடிக்காதீங்கப்பா. உங்க தோள், உங்க நடை. எனக்குத் தெரியாதா?"

அவன் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே போனான். நிரந்தரமாக இங்கே இருக்க அவன் போட்ட விண்ணப்பம் பத்து வருஷமாக நிற்கிறது. இந்த வருஷம்தான் அசையும் போலிருக்கிறது. "இப்போ போய் போலீஸ், கேஸுன்னு ஏதாவது ஆச்சுன்னா யார் எதை எப்படிப் பார்ப்பாங்கன்னு சொல்லவே முடியாது. அவங்க இந்த நாட்டுக்காரங்க, அவங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க வாயைத் திறக்காதீங்க. எனக்காகப்பா."

பூப் பறித்ததற்கு விசாவைப் பறிப்பார்களா என்று கேட்க நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. நெற்றி வியர்த்திருந்தது. சின்ன வயசில் பரீட்சை முடிவு வருகிற நாளில் அப்படித்தான் வியர்க்கும்.

சரி என்றேன்.

செப்டம்பர் 21, சனி

நல்ல வெயில். துணி சீக்கிரம் காய்ந்தது.

செப்டம்பர் 24, செவ்வாய்

அன்செல்மோவின் நாற்காலி வாசலில் இல்லை. நான்கு நாளாக அவரை வெளியே காணோம். ஆயுசெல்லாம் இந்த ஊர்த் தெருக்களை நடந்தே தேய்த்த மனிதர்.

எஃப்ரயின் குப்பைத் தொட்டியைத் தள்ள வந்தபோது நானாகப் போய் விசாரித்தேன். இன்றும் இஸ்திரிச் சட்டைதான். அப்பாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது என்றான். தான் பூப் பறித்ததே அவருக்கு நினைவில்லை, அந்தப் பை எப்படி அலமாரிக்கு வந்தது என்றும் சொல்லத் தெரியவில்லை. "யாரோ கொடுத்தார்கள் என்கிறார். யார் என்று கேட்டால் முழிக்கிறார். இருட்டில் அந்நியர் வீட்டு வாசலில் நிற்கிறார். இந்தத் தெருவில் எத்தனை பேர் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? நானும் மனைவியும் பகலெல்லாம் வேலையில். அவரை யார் பார்த்துக்கொள்வது?" என்றான்.

முதியோரைப் பூட்டிப் பாதுகாக்கிற ஒரு இல்லம் நாற்பது மைல் தள்ளி இருக்கிறதாம். இடம் பிடித்துவிட்டான். அக்டோபர் நடுவில் கொண்டுபோய் விடுகிறார்களாம்.

முறுக்கு நன்றாக இருந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். முழங்கால் எப்படி இருக்கிறது என்று அவன் என்னைக் கேட்டான். பரவாயில்லை என்றேன்.

செப்டம்பர் 28, சனி

உலகம்மாள் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். "போய்ப் பாத்துட்டு வாங்க. பக்கத்து வீட்டு மனுசன எட்டிப் பாக்காம உக்காந்திருக்கிய" என்றாள்.

அன்செல்மோ பின்கட்டு அறையில் இருந்தார். சவரம் செய்யவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, பெயரும் சரியாகச் சொன்னார். பக்கத்தில் ஒரு தொட்டியில் செம்பருத்திச் செடி. பெவர்லிக்குக் கொடுப்பதற்காகத் தன் மருமகளை வாங்கி வரச் சொன்னாராம். மன்னிப்புக் கேட்டு ஒரு அட்டையும் எழுதியிருந்தார். தபால்காரர் கையெழுத்து, குண்டு குண்டாக.

"ஆவு, நீங்களும் காலையில் நடப்பீர்களே. என்னை அங்கே எப்போதாவது பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை என்றேன். அது உண்மை.

"நானும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் படத்தில் இருக்கிறேனே. மகன் காட்டினான். மீசை என் மீசை, தொப்பி என் தொப்பி, பை என் அலமாரியில். ராத்திரியெல்லாம் யோசித்துப் பார்க்கிறேன். அந்த வேலி முன்னால் நின்றதாகவே நினைவில்லை. இந்தப் பூவும் போய்விட்டதென்றால் இன்னும் என்னென்ன போயிருக்கிறதோ." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் டீ குடித்தேன். இரண்டு பிஸ்கட் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்தேன்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

நவராத்திரி ஆரம்பம். சிந்துஜா அட்டைப் பெட்டிகளை அடுக்கி, மேலே பட்டுச் சேலை போட்டுப் படி கட்டினாள். பொம்மைகள் குறைவு என்பதால் கார் பொம்மை, யானை, சாக்லேட் டப்பா எல்லாம் தெய்வங்களோடு உட்கார்ந்திருக்கின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

கடையில் வாங்கிய பூவை உலகம்மாள் எடுக்கவே இல்லை. "ஏன், தொடுக்கலியா?" என்றேன்.

"தொடுக்க மாட்டேன். நீங்க பறிச்சிட்டு வந்த பூவத்தான் இத்தன நாளும் நானும் சாமிக்குப் போட்டேன். எனக்கும்தான் பங்கு உண்டு. அங்க ஒரு மனுசன் தனக்குப் பைத்தியம்னு நம்பிட்டுக் கெடக்காரு. அவர அடைச்சுப் போட்டுட்டு எந்தக் கையால அம்பாளுக்குப் பூ வைக்கச் சொல்லுதிய?"

"குமரேசன்..."

"அவன்ட்ட நான் பேசிக்கிடுதேன். அவன் பயப்படுதான். அது நாயமான பயம்தான். ஆனா அவன் பயத்துக்கு அடுத்தவன் அப்பன ஏன் குடுக்கணும்?"

கொலு முதன்முறையாகப் பூவில்லாமல் இருந்தது.

அக்டோபர் 5, சனி

பெவர்லியிடம் போய் ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று குமரேசனிடம் சொன்னேன். ஒரு மணி நேரம் மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பிறகு, "சரி, போங்க. நானும் வர்றேன்" என்றான். வேண்டாம், தனியாகப் போகிறேன் என்றேன்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு. ஆளை மாற்றிப் பார்க்க வாய்ப்பே கொடுக்கக் கூடாது என்று முடிவு. பெவர்லி வீட்டு மணியை அடித்தேன். எழுபது வயது இருக்கும், சிரித்த முகம். கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள்.

"இன்றைக்குத் தோட்ட வேலை எதுவும் இல்லையே" என்றாள்.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷைச் சொன்னேன். அம்மா, உங்கள் பூவைப் பறித்தது நான். எங்கள் பழக்கம். சாமிக்கு. தப்பு என்று தெரியாது. மன்னிக்க வேண்டும். அந்தப் பெரியவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அவள் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு. உங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றாள்.

எங்கள் ஆட்கள் இல்லை, நான் இந்தியா என்றேன். அதனால் என்ன என்றாள். நான்தான் அந்தப் படத்தில் இருப்பவன் என்றேன். அவள் போனை எடுத்துப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இல்லை, அவன் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறான். நீங்கள் அப்படி இல்லை" என்றாள். எனக்குத் தண்ணீர் பாட்டில் ஒன்று கொடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேலையில் இருக்கும்போது டிக்கெட் இல்லாமல் வருகிறவனை முழியைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பெருமை அடிப்பேன். அழுக்கு லுங்கிகளிடம்தான் முதலில் போய்க் கை நீட்டுவேன். பலநாள் அவர்கள் டிக்கெட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதை அறிக்கையில் எழுதியதில்லை, எழுத அதற்குக் கட்டம் கிடையாது. ஏனோ அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போது நினைவுக்கு வந்தது.

அக்டோபர் 6, ஞாயிறு

எஃப்ரயினிடம் சொல்லிவிட்டேன். கையில் இன்னொரு மஞ்சள் பையைக் கொண்டுபோனேன், அதே நல்வரவு. முறுக்குக் கதை, பூக் கதை எல்லாம் சொன்னேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் சோபாவில் உட்கார்ந்துவிட்டான். சட்டைக் கையை நீவிக்கொண்டே பேசினான்.

"நான் கல்லூரியில் படிக்கும்போதிலிருந்து இந்தச் சட்டையைக் கசங்க விட்டதில்லை. கசங்கின சட்டையோடு வாசலில் நின்றால் என்னிடம் கூலி எவ்வளவு என்று கேட்பார்கள். என் சொந்த ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் எப்போது வருவார் என்று என்னைக் கேட்பார்கள். எல்லாம் பழகிவிட்டது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது..." நிறுத்திக்கொண்டான். "மீசை, தொப்பி, பழுப்புத் தோல். அவ்வளவுதான் நானும் பார்த்தேன். அவர்கள் பார்த்த மாதிரியே பார்த்தேன். என் அப்பாவின் தோள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நான் தோளைப் பார்க்கவே இல்லை."

உலகம்மாளும் குமரேசனும் ஒரே பார்வையில் என்னைக் கண்டுபிடித்தது ஞாபகம் வந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

அன்செல்மோ கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே வந்தார். "அப்படியென்றால் நான் இல்லையா?" என்றார்.

"இல்லை. நான்" என்றேன்.

தொப்பியைக் கழற்றி என் தலையில் ஒரு போடு போட்டார். இன்னொன்று போட்டார். ஸ்பானிஷில் திட்டினார், எவ்வளவு கெட்ட வார்த்தை என்று எஃப்ரயின் முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க முடிந்தது. பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இரண்டு மீசையும் நனைந்து போயின.

சமாதானமானதும், "முறுக்கு உன்னுடையதுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்கு முறுக்கு நினைவிருக்கிறது. பை மட்டும்தான் மறந்துபோச்சு" என்றார்.

அக்டோபர் 7, திங்கள்

இது அன்செல்மோவின் யோசனை. பெவர்லிக்குச் சொல்லிப் புரியாது, கேமராவுக்குக் காட்டிவிடலாம் என்றார். இரண்டு பேரும் ஒரே படத்தில் நின்றால் யாராயிருந்தாலும் எண்ணிக்கொள்வார்கள் அல்லவா.

வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் கிளம்பினோம். நான் வேட்டி. அவர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஆளுக்கொரு மஞ்சள் பை. செம்பருத்தித் தொட்டியையும் எடுத்துக்கொண்டார், இரண்டடி நடந்ததும் நின்று அதை என் கையில் திணித்தார். "இது மன்னிப்புக்கு வாங்கினது. மன்னிப்பு இப்போது உன் பக்கம். நீ தூக்கு" என்றார். நல்ல கனம்.

ஒரு பூவையும் தொடவில்லை. தொட்டியை வாசலில் வைத்தேன். மன்னிப்பு அட்டையில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தேன். கேமராவுக்கு முன்னால் தோளோடு தோள் நின்றோம். "அம்மா, நான் ஆவுடையப்பன். பூவைப் பறித்தவன். இவர் என் நண்பர் அன்செல்மோ. இவர் பறிக்காதவர். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். அன்செல்மோ தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

திரும்பும்போது முழு வட்டமும் நடந்தோம். ஒவ்வொரு வீட்டையும் காட்டி, யாருக்கு வரும் தபால் என்ன என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றையும் மறக்கவில்லை. இல்லத்துக்கு வேண்டாம் என்று எஃப்ரயின் காலையிலேயே போன் செய்துவிட்டான்.

சொன்னதையே திரும்பச் சொல்கிற மறதிக்கு டாக்டரிடம் காட்ட வேண்டும்தான். அது வேறு விஷயம்.

அக்டோபர் 8, செவ்வாய்

பெவர்லி போட்டுவிட்டாள். சிந்துஜா வாசிக்கும்போது அவளுக்கே குரல் ஏறி இறங்கியது.

"எச்சரிக்கை. இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். ஒருவன் மேஜை விரிப்பை இடுப்பில் சுற்றியிருக்கிறான். இருவர் கையிலும் அதே கும்பல் பை. என் வாசலில் சந்தேகப்படும்படி ஒரு தொட்டியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் தொடவில்லை."

கேமராவில் படம் மட்டும்தான் பதியுமாம், பேச்சு பதியாதாம். பேசாமல் பலகையில் எழுதிப் பிடித்திருக்கலாம். அதையும் கும்பல் மொழி என்றிருப்பார்கள்.

குமரேசன் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு அவனுக்கும் சிரிப்பு பிடித்துக்கொண்டது, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். உலகம்மாள் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்து, "இதுல நீங்க யாரு?" என்றாள். வேண்டுமென்றேதான் கேட்டாள்.

வெளியே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். எஃப்ரயின் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். கிழிந்த பனியன், அரை டிரவுசர், காலில் செருப்பு இல்லை. தொட்டியை நிறுத்திவிட்டு அங்கேயே நின்று போனில் எதையோ எழுதினான்.

கொஞ்ச நேரத்தில் சிந்துஜா அதையும் வாசித்தாள். பெவர்லி போட்ட படத்துக்குக் கீழே இருந்தது. "வலது பக்கம் நிற்பவர் என் அப்பா. போன தடவை எனக்கே அடையாளம் தெரியவில்லை. இனிமேல் தெரியும்."

அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.